ஒரு பேர்ச்சில் ஐந்து பேர்: பாரிஸில் விடுமுறை வீடு எடுத்த கதை

கல்லடி டீச்சர் | ஆகஸ்ட் 4, இரவு 11.10 (பாரிஸ் நேரம்)

இலங்கையில், எங்கள் மட்டக்களப்புப் பக்கம் காணியைப் பேர்ச்சில்தான் அளப்போம். ஒரு பேர்ச் என்றால் 25.29 சதுர மீற்றர். நாங்கள் இப்போது குடியிருக்கும் வீடு 26 சதுர மீற்றர். கல்லடியில் 20 பேர்ச் வளவை நாய்க்கும் தென்னைக்கும் விட்டுவிட்டு வந்து, இங்கே ஒரு பேர்ச்சில் ஐந்து பேர் படுத்திருக்கிறோம். நான், இவர், பதினான்கு வயது மகள், எட்டு வயது மகன், என் அம்மா.

தங்கையின் மகள் பெரியபிள்ளையாகிவிட்டாள், அவளுக்குச் சாமத்தியச் சடங்கு. பதினெட்டு நாள் பயணம். தங்கை இருப்பது பாரிஸுக்கு வெளியே, இரண்டு அறை வீடு. அவளும் புருஷனும் இரண்டு பிள்ளைகளும் அதற்குள்ளே இருக்கும்போது நாங்கள் எங்கே போவது? ஆகவே கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம், தமிழ்க் கடைகள் உள்ள லா சப்பலுக்கு நடந்து போகும் தூரத்தில் விடுமுறை வீடு ஒன்றை எடுத்தோம். படத்தில் மண்டபம் போலத் தெரிந்தது. படம் எடுத்தவர் மூலையில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்று எடுத்திருக்கிறார் என்பது உள்ளே வந்த பிறகுதான் விளங்கியது. அந்த மூலையில் ஒருவர்தான் நிற்க முடியும்.

தரைத்தளத்தைக் கழித்து ஆறாவது மாடி. லிப்ட் இல்லை. 112 படி, எண்ணியது அம்மா. ஏறத் தொடங்கும்போது சுவரில் உள்ள பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிகிறது. மூன்றாம் மாடியில் மூச்சு வாங்க நின்றோம். டக்கென்று அணைந்துவிட்டது. ஐந்து பேர், நான்கு பெட்டி, கும்மிருட்டு. அம்மா "மின்வெட்டு இங்கேயும் இருக்கிறதா" என்று கேட்டார். மகன் சிரித்த சத்தத்துக்கு யாரோ ஒருவர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

வீடு இப்படி: கதவைத் திறந்தால் நேரே குசினி. குசினியின் கீழ்த்தட்டில், பாத்திரம் வைக்க வேண்டிய இடத்தில், துணி துவைக்கும் இயந்திரம். அதை ஒட்டி ஒரு மேசை. சோபாவை இழுத்தால் கட்டில். இழுத்துவிட்டால் யன்னலுக்குப் போக வழியில்லை. ஏணி வைத்த பரண் ஒன்று. அதில் பிள்ளைகள் இரண்டு பேரும். மலசலகூடம் தனியாக ஒரு அலுமாரி அளவு. குளிக்கும் இடம் வேறாக, கண்ணாடிப் பெட்டி. எங்கள் அம்மா சிறிய உடம்புக்காரி இல்லை. அதற்குள் போனால் திரும்ப முடியவில்லை.

இரவில் யார் எங்கே என்பதை முதல் நாளே முடிவு செய்துவிட்டோம். சோபாக் கட்டிலில் அம்மாவும் நானும். இவர் மேசைக்குக் கீழே கால் நீட்டிப் பாயில். ஒருவர் இரவில் எழுந்தால் மூவர் எழ வேண்டும்.

அனுபவப்பட்டவர்களிடம் மூன்று கேள்விகள். சுடுநீர் இரண்டு பேர் குளித்தவுடன் தீர்ந்துவிடுகிறது, இது பழுதா? துவைத்த துணியை எங்கே காயப்போடுவது? வெயில் வேறு இப்படி அடிக்கிறது. கல்லடிக் கடற்கரைக்காரிக்கே தாங்கவில்லை, என்ன செய்யலாம்?

நேர்ப்பேச்சு (ஆரையம்பதி) | ஆகஸ்ட் 5

கேள்விக்குப் பதில் தெரிந்தவர்கள் சொல்லட்டும். எனக்கு வேறு ஒரு கேள்வி. கூடப்பிறந்தவள் அந்த நகரத்தில் இருக்கும்போது வாடகை வீடு எடுப்பது எந்த ஊர் வழக்கம்? எங்கள் வீட்டுக் கலியாணங்களில் நாற்பது பேர் விறாந்தையில் பாய் விரித்துப் படுத்தோம். யாரும் சதுர மீற்றர் கணக்குப் பார்க்கவில்லை. பெற்ற தாயை மகள் வீட்டுக்கு அனுப்பாமல் ஆறாம் மாடியில் ஏற்றி வைத்திருக்கிறீர்கள். தங்கையின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்?

கடுமையாகச் சொல்லியிருந்தால் மன்னியுங்கள், டீச்சர். ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பாரிஸ் களுதாவளை | ஆகஸ்ட் 5

நேர்ப்பேச்சு அண்ணன், நாற்பது பேர் படுத்த விறாந்தை உங்கள் சொந்த விறாந்தை. இங்கே உறவினரை வீட்டில் தங்கவைத்து விசா எடுப்பதென்றால், கூப்பிடுகிறவர் தன் நகரசபைக்குப் போய்ச் சான்றுக் கடிதம் எடுக்க வேண்டும். வீடு எவ்வளவு பெரியது, வருமானம் எவ்வளவு என்று பார்ப்பார்கள். நான்கு பேர் இருக்கும் இரண்டு அறைக்கு இன்னும் ஐந்து பேர் என்று எழுதிக் கொடுத்தால் மறுக்க அவர்களுக்கு உரிமை உண்டு. தங்குமிடப் பதிவைக் காட்டி விண்ணப்பித்தது புத்தி. விசாக் கட்டணமே பெரியவருக்கு 90 யூரோ. பதினான்கு வயதுப் பிள்ளையும் அதில் பெரியவர்தான். மறுத்தால் அந்தப் பணம் திரும்பி வராது.

இனி டீச்சரின் கேள்விகள்.

சுடுநீர் பழுதில்லை. குளியலறைக்கு மேலே அல்லது அலுமாரிக்குள்ளே வெள்ளை நிறப் பீப்பாய் ஒன்று தொங்கும், பாருங்கள். சிறிய வீட்டில் 50 லீற்றர்தான் இருக்கும். அதைப் பல வீடுகளில் இரவில், மின்கட்டணம் குறைவான நேரத்தில் மட்டும் சூடாகும்படி வைத்திருப்பார்கள். காலையில் இரண்டு பேர், மாலையில் கொஞ்சம் ஆறியதில் இரண்டு பேர், ஒருவர் பச்சைத்தண்ணீர். ஆகஸ்டில் பச்சைத்தண்ணீர் குளித்து யாரும் சாகவில்லை.

துணியை யன்னலுக்கு வெளியே தொங்கவிடாதீர்கள். பல கட்டடங்களின் விதியில் அது தடை. கட்டிலுக்கு அடியிலோ கதவுக்குப் பின்னாலோ மடக்குக் கம்பிச் சட்டம் ஒன்று இருக்கும். இரவில் திறந்த யன்னலுக்கு முன்னே விரித்து வையுங்கள்; காலையில் காய்ந்துவிடும்.

வெயில்: உங்கள் தலைக்கு மேலே இருப்பது துத்தநாகத் தகடு. அந்தக் காலத்தில் வேலைக்காரிகளைக் குடிவைத்த மேல்மாடி அறைகள்தான் இப்போது விடுமுறை வீடு ஆகியிருக்கின்றன. பாரிஸின் கூரைத் தகடு வேயும் தொழிலை 2024இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. கீழே படுத்திருப்பவர்களிடம் யாரும் கேட்கவில்லை. செய்ய வேண்டியது நம் ஊருக்கு நேர்மாறு: காலை ஒன்பதுக்கே எல்லா யன்னலையும் வெளிப் பலகையையும் இறுக்கி மூடுங்கள். இரவு பத்துக்குத் திறவுங்கள். காற்று வரட்டும் என்று பகலில் திறந்தால் அனல்தான் உள்ளே வரும்.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். அந்தக் கதவு இழுத்து மூடினால் தானாகப் பூட்டிக்கொள்ளும். வெளியே கைபிடிதான் இருக்கும், திருப்ப முடியாது. குப்பை போட வெளியே வந்தாலும் திறப்பு சட்டைப் பையில் இருக்க வேண்டும். இரவில் பூட்டுத் திறக்க ஆள் கூப்பிட்டால் விமான டிக்கெட் விலை கேட்பார்கள்.

வாழைச்சேனை வான் | ஆகஸ்ட் 5

நான் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு ஆட்களை ஏற்றி இறக்குகிறவன். திரும்பி வரும் எல்லோரும் வானில் ஏறியவுடன் முதலில் சொல்வது ஈபிள் கோபுரம் பற்றி இல்லை. கக்கூஸ் பற்றித்தான். டீச்சர் இன்னும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுப்பார் என்று நம்புகிறேன்.

கல்லடி டீச்சர் | ஆகஸ்ட் 7

எடுக்கிறேன். எடுக்க வேண்டிய நிலை வந்துவிட்டது.

முதலில் களுதாவளைத் தம்பிக்கு நன்றி. நீங்கள் எழுதியதை நான் வாசித்தது புதன்கிழமை இரவு. இவர் அதற்கு முந்தின நாளே சாரத்தோடு குப்பை போட வெளியே போய்க் கதவு மூடி, நாங்கள் எல்லோரும் லா சப்பலில் தேங்காய் வாங்கிக்கொண்டிருக்க, படிக்கட்டில் ஒன்றரை மணித்தியாலம் உட்கார்ந்திருந்தார். விளக்கு அணைய அணைய எழுந்து பொத்தானை அழுத்தியிருக்கிறார். ஆகவே அந்தப் பாடம் படித்தாயிற்று.

இனிக் குளியல். அம்மா பிறந்ததிலிருந்து கிணற்றடியில் குளித்தவர். வாளியில் அள்ளித் தலையில் ஊற்றினால்தான் அவருக்குக் குளியல். மேலே இருந்து சொட்டும் தண்ணீர் "மழையில் நனைந்த மாதிரி" என்பார். லா சப்பலில் நீல வாளி ஒன்றும் கோப்பை ஒன்றும் வாங்கினோம். கண்ணாடிப் பெட்டிக்குள் அவராலும் வாளியாலும் ஒன்றாக நிற்க முடியவில்லை. வாளியை உள்ளே வைத்து நிரப்பி, வெளியே இழுத்து, குளியலறைத் தரையில் நின்று ஊற்றியிருக்கிறார். நம் ஊரில் குளியலறைத் தரையில் தண்ணீர் ஊற்றினால் மூலையில் உள்ள துவாரத்தால் போய்விடும். இங்கே துவாரம் அந்தப் பெட்டிக்குள்ளே மட்டும். தரையில் ஓடு பதித்திருக்கிறது. ஓட்டைப் பார்த்து ஏமாந்துவிட்டோம். தண்ணீர் கதவின் கீழால் வந்து மரத்தரைக்குள் இறங்கிவிட்டது. அம்மா அதைத் துவாயால் துடைத்துவிட்டு யாரிடமும் சொல்லவில்லை. மறுநாளும் அதே குளியல்.

மூன்றாம் நாள் காலை ஏழரைக்குக் கதவு தட்டும் சத்தம். கீழ் வீட்டு வயதான அம்மையார். கையில் தொலைபேசி. தன் வீட்டு முகட்டின் படத்தைக் காட்டினார். தோசை அளவு பழுப்பு வட்டம். எங்களுக்குப் பிரெஞ்சு தெரியாது, அவருக்கு ஆங்கிலம் தெரியாது. அவர் சத்தம் போடவில்லை. எனக்குப் பின்னால் நின்ற அம்மாவின் ஈரத் தலைமுடியை விரலால் காட்டினார், பிறகு தரையைக் காட்டினார், பிறகு தன் முகட்டை. அவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் பௌதிகம் படிப்பித்ததில்லை.

தங்கையைத் தொலைபேசியில் பிடித்துப் பேசவைத்தோம். வீட்டுக்காரிக்கும் சொல்லியாயிற்று. முற்பணத்தில் வெட்டுவார்களா என்ற பயம் இருக்கிறது. அம்மா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. "அந்த மனுசியின் தலைக்கு மேலே குளித்துவிட்டேனே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

பாரிஸ் களுதாவளை | ஆகஸ்ட் 7

இங்கே வீட்டுக்கு வீடு நடக்கும் சண்டையில் பாதி தண்ணீர்ச் சண்டைதான், பயப்படாதீர்கள். மேல் வீடும் கீழ் வீடும் சேர்ந்து ஒரே படிவத்தை நிரப்பி அவரவர் காப்புறுதிக்கு அனுப்புவார்கள். அதற்கென்றே அச்சிட்ட படிவம் உண்டு. நீங்கள் ஒளிக்காமல் அன்றே சொன்னது நல்லது. வீட்டுக்காரி படிவம் கேட்டால் தங்கையை வைத்துக்கொண்டு நிரப்புங்கள். வாசிக்காமல் கையொப்பம் வேண்டாம்.

வாளியை எறிய வேண்டாம். பெட்டிக்குள் வாளி, வெளியே முக்காலி. அம்மா முக்காலியில் இருந்து காலை உள்ளே வைத்துக்கொண்டு, தலையை முன்னுக்குக் குனிந்து ஊற்றட்டும். என் மாமியாருக்கு இப்படித்தான் ஒழுங்கு செய்தேன்.

காத்தான்குடிக் கரை | ஆகஸ்ட் 8

டீச்சர், இரண்டு வருடம் முன்பு நாங்கள் உம்மாவையும் வாப்பாவையும் கூட்டிக்கொண்டு காக்கா (அண்ணன்) வீட்டுக்குப் போனபோது இதே நகரத்தில் பத்து நாள் இப்படியொரு வீட்டில் இருந்தோம். உங்களுக்குக் குளியல் பிரச்சினை, எங்களுக்கு வுழூ, தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவது. ஒரு நாளில் ஐந்து தடவை ஐந்து பேர் கால் கழுவ வேண்டும். முகம் கழுவும் தொட்டியில் வாப்பா காலைத் தூக்கி வைத்தார். எழுபது வயது. அந்தத் தொட்டி சுவரிலிருந்து கழன்று வரும் சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது. அதற்குப் பிறகு குளிக்கும் பெட்டியின் விளிம்பில் இருத்திக் கழுவினோம்.

கழிப்பறை பற்றி வாழைச்சேனைக்காரர் ஆவலாக இருக்கிறார். சொல்கிறேன். உள்ளே கடதாசி மட்டும், குழாய் இல்லை. தரையில் துவாரம் இல்லை. கழுவும் தண்ணீர் வைக்க நீண்ட மூக்குள்ள பூச்செடிச் செம்பு ஒன்றைப் பூக்கடையில் வாங்கினோம். மூன்று யூரோ. ஐரோப்பாவில் நாங்கள் செலவழித்த பணத்தில் மிகப் பயனுள்ள மூன்று யூரோ அதுதான்.

நேரக் கணக்கு இன்னொரு கூத்து. ஊரில் ஆறரைக்கு முன்பே மஃரிப், சூரியன் மறைந்ததும் தொழும் தொழுகை. அங்கே ஆகஸ்ட் தொடக்கத்தில் சூரியன் மறையவே ஒன்பதரை ஆகிறது. பிள்ளைகள் நடுச்சாமம் வரை தூங்கவில்லை, ஏனென்றால் வானத்தில் வெளிச்சம் இருந்தது. கிப்லாவும், அதாவது மக்காவை நோக்கித் தொழும் திசையும், மாறியது. ஊரில் மேற்கே, சற்று வடக்காகத் திரும்பி நிற்போம். பாரிஸில் தென்கிழக்கு. முதல் நாள் உம்மா பழக்கத்தில் மேற்கே பாய் விரித்துவிட்டார். திருப்பி விரித்தபோது பாயின் தலைப்பு நேரே குளிர்சாதனப் பெட்டியில் முட்டியது. இரண்டு பேர் தொழ, மற்றவர்கள் கட்டிலில் ஏறி இருந்தோம். ஒரு வெள்ளிக்கிழமை 1926இல் திறந்த பெரிய பள்ளிவாசலுக்குப் போனோம். வாப்பா உள்முற்றத்தைப் பார்த்து "காலை நீட்ட இடம் கிடைத்தது" என்றார்.

அக்கரைப்பற்று அடுப்படி | ஆகஸ்ட் 8

எல்லோரும் தண்ணீரிலேயே நிற்கிறீர்கள். என்ன சமைக்கிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லையே?

மகள் வீட்டுக்குப் போய் வந்த அனுபவத்தில் சொல்கிறேன். அங்கே அடுப்பு என்பது கறுப்புக் கண்ணாடி. காந்தம் ஒட்டும் அடி உள்ள பாத்திரம் வைத்தால்தான் சூடாகும். நான் ஊரிலிருந்து அலுமினியச் சட்டியைத் துணியில் சுற்றிச் சுமந்துகொண்டு போனேன். வைத்தேன், அழுத்தினேன், கண்ணாடி கண்ணைச் சிமிட்டியது, சட்டி பச்சையாகவே இருந்தது. மண்சட்டியும் அப்படித்தான். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்துச் சட்டியின் அடியில் வைத்துப் பாருங்கள், ஒட்டினால் சமைக்கலாம்.

சோறு சமைக்கும் மின்சட்டியைக் கொண்டுபோகலாம்; மின்னழுத்தம் நம்முடையதுபோல 230தான். ஆனால் பிளக் பொருந்தாது. நம்முடையது மூன்று சதுரக் கால், அவர்களுடையது இரண்டு உருண்டைக் கால். மாற்றுப் பிளக்கைப் பெட்டியின் அடியில் வைக்காமல் கைப்பையில் வையுங்கள். நள்ளிரவில் பசித்த பிள்ளையை வைத்துக்கொண்டு பெட்டியைக் கொட்டியவள் சொல்கிறேன்.

பிறகு புகை. பிரான்சில் 2015 மார்ச்சிலிருந்து ஒவ்வொரு வீட்டிலும் புகை எச்சரிக்கைக் கருவி இருக்க வேண்டும் என்று சட்டம். ஒரு பேர்ச் வீட்டில் அது அடுப்புக்கு எவ்வளவு கிட்ட இருக்கும் என்று யோசியுங்கள். நான் செத்தல் மிளகாயும் கடுகும் தாளித்த அன்று கட்டடமே எழும்பியது. கருவியைக் கழற்றாதீர்கள். யன்னலைத் திறந்து, எண்ணெயை அளவாகக் காயவிட்டு, மூடியைக் கையில் வைத்துக்கொண்டு தாளியுங்கள். மீன் பொரிப்பதை மறந்துவிடுங்கள். புளியாணம் வைத்துப் புட்டு அவியுங்கள்; ஆவிக்கு அந்தக் கருவி அவ்வளவாகக் கத்தாது.

நேர்ப்பேச்சு | ஆகஸ்ட் 9

பாத்திரம், பிளக், புகை, செம்பு. எல்லாம் வந்துவிட்டது. என் கேள்வி மட்டும் நடுவீட்டில் நிற்கிறது. சான்றுக் கடிதம், நகரசபை எல்லாம் விசாவுக்கு. விசா கையில் வந்த பிறகு அம்மாவை மட்டுமாவது மகள் வீட்டில் விட்டிருக்கலாமே?

கல்லடி டீச்சர் | ஆகஸ்ட் 11

அண்ணனுக்குப் பதில் சொல்லாமல் நழுவ நினைக்கவில்லை. சடங்கு முடியட்டும் என்று இருந்தேன். நேற்று முடிந்தது.

நீங்கள் மட்டக்களப்புக்காரர், நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்கு. அம்மா தன் வீட்டை எனக்கு எழுதினார். தங்கைக்கு அதே வளவில் இன்னொரு வீடு கட்டிக் கொடுத்தார். அது இன்றைக்கும் பூட்டிக் கிடக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் நான் போய்க் கூட்டி விளக்கு வைக்கிறேன். ஊரிலே என்றால் மகள் வீட்டில் தாய்க்கு இடமா என்ற கேள்வியே எழாது. மாப்பிள்ளைதான் வந்து சேர்கிறவர்.

பாரிஸில் அது தலைகீழ். வாடகை வீடு, ஒப்பந்தம் மாப்பிள்ளையின் பெயரில். சடங்குக்கு அவர் பக்கத்து ஆட்கள் ஜெர்மனியிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்து நிறைந்துவிட்டார்கள். அம்மா முதல் இரண்டு இரவும் அங்கேதான் படுத்தார். அதை நான் எழுதவில்லை. சம்பந்திப் பெண்கள் கட்டிலில், அம்மா நடையில். காலையில் கழிப்பறைக்கு ஒன்பது பேர் வரிசை. இரண்டாம் நாள் அம்மா தன் பையை எடுத்துக்கொண்டு "அங்கே படி ஏறுவது பரவாயில்லை" என்று வந்துவிட்டார். தங்கை அழுதாள்தான். நான் சேர்ந்து அழுதேன்தான்.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். சடங்குக்கு முந்தின மூன்று இரவும் தங்கை இங்கே வந்து படுத்தாள். அவள் வீட்டில் அவளுக்கு இடமில்லை! வடை மாவு, சேலை, பலகாரத் தட்டு எல்லாம் இந்த 112 படி ஏறி வந்தன. ஆறு பேர் ஒரு பேர்ச்சில். அம்மாவுக்கு இரண்டு பக்கமும் இரண்டு மகள். இவர் மேசைக்குக் கீழிருந்து வெளியேற்றப்பட்டு, குசினியில் துவைக்கும் இயந்திரத்துக்கு முன்னால் காலை மடக்கிப் படுத்தார். இரவு இரண்டு மணிக்கு, பிள்ளைகள் பரணில் குறட்டை விட, நாங்கள் மூன்று பேரும் அப்பாவின் கதை பேசிக்கொண்டிருந்தோம். தங்கை வெளிநாடு போய்ப் பதினாறு வருடம். இப்படி ஒரே பாயில் கிடந்து பேசியதே இல்லை.

ஒரு சின்ன விடயம். அம்மா தன் கைக்கடிகாரத்தை ஊர் நேரத்திலேயே வைத்திருக்கிறார். மாற்ற விடவில்லை. இங்கே பின்னேரம் மூன்று மணி ஆனால் அவருடைய கடிகாரத்தில் ஆறரை. வெளியே வெயில் கொளுத்துகிறது. அம்மா யன்னல் பலகையை மூடிவிட்டு, தண்ணீர்க் கிண்ணம் ஒன்றின் நடுவே தேநீர் மெழுகுதிரியை வைத்துக் கொளுத்துகிறார். "வீட்டில் விளக்கு வைக்கிற நேரம்" என்கிறார். எந்த வீட்டில் என்று நான் கேட்கவில்லை. புகைக் கருவியும் கேட்கவில்லை.

நேர்ப்பேச்சு | ஆகஸ்ட் 11

நடையில் படுத்தார் என்று தெரிந்திருந்தால் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கமாட்டேன். என் வாய்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 2011இல் ரொறொன்ரோவில் தம்பி வீட்டில் ஒரு மாதம் இருந்தோம். உறவு விட்டுப்போகும் என்று வெளியே தங்கவில்லை. மூன்றாம் கிழமை தம்பியின் மனைவி குளிர்சாதனப் பெட்டியில் பாலின் அளவைப் பேனாவால் கோடு போட்டு வைத்ததை என் மனைவி கண்டுவிட்டார். அந்தக் கோடு இன்றுவரை எங்களுக்குள்ளே இருக்கிறது. தம்பியும் நானும் பேசுகிறோம். அவர்கள் இருவரும் பேசுவதில்லை. டீச்சரைக் கேட்ட கேள்வி பாதி என்னைக் கேட்டதுதான்.

வாழைச்சேனை வான் | ஆகஸ்ட் 12

பால் கோடு! அண்ணன், இத்தனை நாள் இதை வைத்துக்கொண்டா மற்றவர்களுக்குப் புத்தி சொன்னீர்கள்?

பாரிஸ் களுதாவளை | ஆகஸ்ட் 15

டீச்சர் கிளம்பும் நாள் நெருங்குகிறது. சில குறிப்புகள், மற்றவர்களுக்கும் உதவும்.

குப்பை: முற்றத்தில் மூன்று நிற மூடி. மஞ்சள் மூடிக்குள் கடதாசி, பிளாஸ்டிக், தகரம். வெள்ளை மூடிக்குள் கண்ணாடிப் போத்தல். பச்சை மூடிக்குள் மிச்சம். சடங்கு முடிந்த வீட்டின் வாழையிலையும் சோற்றுப் பையும் மஞ்சளுக்குள் போனால் காவல்காரப் பெண்மணி உங்கள் கதவைத் தட்டுவார்.

பயண அட்டை: கிழமை அட்டை திங்கள் முதல் ஞாயிறு வரைதான். வியாழக்கிழமை வாங்கினாலும் ஞாயிறோடு சரி. கடைசி நாட்களுக்கு அதை வாங்கி ஏமாறாதீர்கள்.

சத்தம்: இரவு பத்திலிருந்து காலை ஏழு வரை பெட்டி இழுக்காதீர்கள். சில்லு உருளும் சத்தம் மரத்தரையில் கீழ் வீட்டுக்கு இடி. பெட்டியைத் தூக்கி வையுங்கள். அந்த அம்மையாருக்கு ஏற்கெனவே ஒரு தோசை கொடுத்திருக்கிறீர்கள்.

புதிதாக வீடு தேடுகிறவர்களுக்கு: பாரிஸ் விளம்பரத்தில் பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். ஒருவர் தான் குடியிருக்கும் வீட்டை வருடத்தில் 120 நாள் வரை இப்படி விடலாம் என்றிருந்ததை 2025இலிருந்து 90 ஆக்கிவிட்டார்கள். எண் இல்லாத வீட்டுக்கு முற்பணம் அனுப்பிவிட்டு, வந்து பார்த்தால் வீடே இல்லை என்று தெருவில் நின்ற குடும்பத்தை என் காரில் ஏற்றியிருக்கிறேன்.

கல்லடி டீச்சர் | ஆகஸ்ட் 21 (கல்லடியிலிருந்து)

வந்து சேர்ந்தோம். கட்டுநாயக்காவிலிருந்து வாழைச்சேனை வானில்தான் வந்தோம். அவர் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுவிட்டார்.

முற்பணம் முழுவதும் திரும்பிவிட்டது. வீட்டுக்காரி படிவத்தில் கையொப்பம் வாங்கினார், தங்கை வரி வரியாக வாசித்துச் சொன்ன பிறகு போட்டேன். முகட்டு வட்டம் காய்ந்தபின் காப்புறுதி பார்த்துக்கொள்ளும் என்றார்.

கிளம்புகிற காலையில் அம்மா ஒரு வேலை செய்தார். சடங்கில் மிஞ்சிய பயற்றம் பணியாரத்தை மூடியுள்ள டப்பாவில் போட்டு, தனியாக ஒரு மாடி இறங்கிக் கீழ் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். என்ன பேசினார்கள் என்று இருவருக்கும் தெரியாது. கால் மணித்தியாலம் கழித்து ஏறி வந்தார். கையில் டப்பா இல்லை. ஒரு சிறிய கண்ணாடிப் போத்தலில் அந்த அம்மையார் காய்ச்சிய பழப்பாகு. "இனிப்புக் கூட" என்றார் அம்மா. ஆனாலும் பெட்டியில் துணிக்கு நடுவே சுற்றி வைத்துக் கொண்டுவந்துவிட்டார். இங்கே அலுமாரியில் இருக்கிறது. யாரையும் தொட விடவில்லை.

கல்லடிக்கு வந்த மாலை அம்மா நேரே கிணற்றடிக்குப் போனார். ஒன்றரை மணித்தியாலம். மகன் வளவைச் சுற்றி ஓடிவிட்டு, "அம்மா, எங்கள் வீட்டுக்குள் எத்தனை பாரிஸ் வீடு போடலாம்" என்று கேட்டான். வளவையும் சேர்த்துக் கணக்குப் போட்டு இருபது என்றேன். "அப்படியென்றால் சித்தியை ஒன்றில் வைக்கலாம்" என்றான்.

திருக்கோவில் தம்பி | ஆகஸ்ட் 22

முழு இழையையும் இரண்டு நாளாக வாசித்தேன். நாங்கள் நான்கு பேர் செப்டெம்பர் 10 போகிறோம், அதே லா சப்பல் பக்கம். டீச்சர், அந்த நீல வாளி எங்கே?

கல்லடி டீச்சர் | ஆகஸ்ட் 22

முகம் கழுவும் தொட்டிக்குக் கீழே, சுவரோரம், கோப்பை உள்ளே கவிழ்த்து. முக்காலி பரணுக்கு அடியில். வீட்டுக்காரியிடம் விட்டுவைக்கட்டுமா என்று கேட்டேன், சரி என்றார். வீட்டு விளம்பரத்தின் இணைப்பைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். உயரமானவர்கள் யாராவது இருந்தால் பரணில் தலை கவனம்.